பாதி டேங்க் போதும்

சித்திரக்குளம் பக்கத்தில் யார் புது வண்டி வாங்கினாலும் முதலில் கோயில் வாசலுக்குக் கொண்டுபோய் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுவார்கள். அடுத்ததாகச் சந்திரமௌலியிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். பிள்ளையார் அந்த வண்டியைப் பற்றி என்ன நினைத்தார் என்பது யாருக்கும் தெரியாது. சந்திரமௌலி நினைப்பது தெருவுக்கே கேட்கும். "என்ன கொடுக்கறது?"

வண்டியின் நிறம், வேகம், அழகு எதுவும் அவருக்குப் பொருட்டில்லை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், அவ்வளவுதான். கல்யாண ரிசப்ஷனில் மேடையேறி, மாப்பிள்ளையின் கையைக் குலுக்கிக்கொண்டே, வாசலில் பூச்சுற்றி நின்ற காரைப் பற்றி விசாரித்த மனிதர் அவர். எதிர்வீட்டுப் பெரியவர் காலமானபோதுகூட, அமரர் ஊர்தியின் டிரைவரிடம் பேச்சுக் கொடுத்து, ஏ.சி. போட்டால் எவ்வளவு, போடாவிட்டால் எவ்வளவு என்று தெரிந்துகொண்ட பிறகுதான் வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தார்.

அவருடைய பழைய ஸ்கூட்டர் லிட்டருக்கு ஐம்பத்திரண்டு கொடுக்கும். கம்பெனிக்காரனே அவ்வளவு சொன்னதில்லை. நாற்பதுக்கு மேல் முறுக்க மாட்டார். மேம்பாலத்தில் ஏறியதும் இன்ஜினை அணைத்துவிட்டு, கீழே சிக்னல் வரைக்கும் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டே வருவார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே செத்துப்போவான். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தலையாய சட்டம் வைத்திருந்தார். டேங்கை ஒருநாளும் நிரப்பக் கூடாது. பெட்ரோலுக்கு எடை உண்டு, அந்த எடையைச் சுமக்கவே பாதிப் பெட்ரோல் செலவாகிவிடும் என்பது அவர் வாதம். போதாக்குறைக்கு, தெருவில் நிற்கிற வண்டியில் நிறையப் பெட்ரோல் இருந்தால் எவனாவது குழாய் போட்டு உறிஞ்சிவிடுவான். லஸ் பக்கத்து பங்கில் வேலை செய்யும் செண்பகம் அவரைக் கண்டதுமே, "ஒண்ணா, ஒண்ணரையா சார்?" என்றுதான் கேட்பாள். லிட்டரைச் சொல்கிறாள். இரண்டு என்று அவர் வாயால் சொல்லி அவள் கேட்டதில்லை.

நடுவழியில் தீர்ந்துபோனால்? அதற்கும் வைத்தியம் இருந்தது. வண்டியை இடது பக்கமாக நன்றாகச் சாய்த்துப் பிடித்து, நிதானமாகப் பத்து எண்ணி, நிமிர்த்தி உதைத்தால் அடுத்த பங்க் வரை ஓடும். சென்னையில் அடுத்த பங்க் எப்போதும் கண்ணுக்கெட்டிய தூரத்தில்தான் இருக்கும். உலகமே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது என்று அவர் நம்பிவிட்டார்.

ஊரார் வண்டியையெல்லாம் இப்படி நாடி பிடித்துப் பார்த்த மனிதர், சொந்த மாப்பிள்ளை என்ன வண்டி ஓட்டுகிறான் என்று மட்டும் கேட்டதில்லை.

ஒரே பெண் ஷ்ரேயா. கிண்டியில் வேலை பார்த்தபோது, கூட வேலை பார்த்த ஜெஃப்ரியைக் கல்யாணம் செய்துகொண்டு மின்னசோட்டாவுக்குப் போய் மூன்று வருஷமாகிறது. ஜெஃப்ரி சாந்தோம் பையன். அவன் அப்பா காஸ்பர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் மனைவி லூயிசாவும் இன்னும் சாந்தோமில்தான் இருக்கிறார்கள். சித்திரக்குளத்திலிருந்து கச்சேரி ரோட்டைப் பிடித்தால் நேரே சாந்தோம்தான். சந்திரமௌலியின் ஸ்கூட்டருக்கு நாலு ஸ்பூன் பெட்ரோல் போதும். ஆனால் மூன்று வருஷமாக வண்டி அந்தப் பக்கம் திரும்பியதில்லை. கல்யாணத்துக்கும் அவர் போகவில்லை. கேட்டால், "எனக்கென்ன கோபம்? அவா சௌக்கியமா இருந்தா சரி" என்பார். ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோ காலில் பெண்ணோடு பேசுவார். திரையில் ஜெஃப்ரியின் தோள் தெரிந்தால் போதும், உடனே அவருக்குத் தண்ணீர் மோட்டார் போடுகிற ஞாபகம் வந்துவிடும். அவன் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் "அங்கே" என்பார். "அங்கே ஜுரம் தேவலையா?"

ஒருநாள் ஷ்ரேயாவுக்குப் பொறுக்கவில்லை. "அப்பா, அவரோட பேசாத ஆத்துக்கு நான் மட்டும் தனியா வரமாட்டேன். வந்தா ரெண்டு பேரும் வருவோம். இல்லேன்னா இல்லை" என்று சொல்லிவிட்டு அழுதாள். பெண் அழுவதை இவரால் பார்க்க முடியவில்லை. இருந்தாலும் எழுந்து மோட்டார் போடத்தான் போனார். மனைவி ஜெயலக்ஷ்மி, "தொட்டி நிரம்பி வழிஞ்சுண்டிருக்கு. இன்னும் யாருக்குத் தண்ணி?" என்று முதுகுக்குப் பின்னால் கேட்டாள்.

அப்புறம் ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை. வழக்கமான பேச்சு முடிகிற சமயத்தில் ஷ்ரேயா ஒரு சங்கதியை எடுத்துப் போட்டாள்.

"அப்பா, இவர் ஸ்னோமொபைல் வாங்கப் போறார். பனியில ஓடற வண்டி. ரெண்டு மாடல் பார்த்து வெச்சுண்டு மண்டையை உடைச்சுண்டிருக்கார்."

மோட்டார் போட எழுந்து நின்ற சந்திரமௌலி போகவில்லை.

"என்ன கொடுக்கறது?"

கேள்வி அதுவாக வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகு திரும்ப விழுங்க முடியவில்லை. ஜெயலக்ஷ்மி சமையலறை வாசலில் கரண்டியோடு அப்படியே நின்றாள். திரையில் ஜெஃப்ரி வந்தான். ஹெட்மாஸ்டர் அறைக்குள் வந்த பையனைப் போல எழுந்து நின்றே பதில் சொன்னான்.

"ஒண்ணு டூ ஸ்ட்ரோக் மாமா. லிட்டருக்கு ஆறு குடுக்குது. இன்னொண்ணு ஃபோர் ஸ்ட்ரோக். ஒன்பது வரைக்கும் வரும்னு சொல்றாங்க."

"ஆறா?" சந்திரமௌலி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நம்ம தெருவுக்கு வர தண்ணி லாரியே நாலு கொடுக்கறது. அது ஒரு கிணத்தைத் தூக்கிண்டு வரது! இது எதைத் தூக்கறது?"

"என்னை மட்டும்தான் மாமா."

ஜெயலக்ஷ்மிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜெஃப்ரி விவரமாகச் சொன்னான். நண்பர்களோடு காட்டுப் பாதையில் ஒரே நாளில் இருநூற்றைம்பது கிலோமீட்டர் போய்வருகிற திட்டம். பாதி தூரத்தில் ஒரு விடுதி, அங்கே ஒரு பெட்ரோல் பம்ப். மற்றபடி வழியெல்லாம் மரமும் பனியும்தான். இரண்டு வண்டிக்கும் டேங்க் நாற்பது லிட்டர். "ஒரு டேங்குக்கு எவ்வளவு தூரம் போகும்ங்கறதுதான் மாமா முக்கியம். வழியில நின்னுட்டா கஷ்டம்."

அன்றிலிருந்து சந்திரமௌலிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷத்தால்தான். மின்விசிறிக்கு அடியில் பனியனோடு உட்கார்ந்து, தலையோடு கால் கம்பளி போர்த்த வெள்ளைக்காரர்கள் பனியில் சறுக்குகிற யூடியூப் படங்களை நாள் முழுக்கப் பார்த்தார். இறுகிய பனி, பொடிப் பனி, அன்றைக்கு விழுந்த புதுப் பனி என்று வகை பிரித்துக்கொண்டார். புதுப் பனியில் வண்டி புதையும், மைலேஜ் மூன்றில் ஒரு பங்கு அடி வாங்கும் என்று படித்ததும், "மழைத் தண்ணியில கச்சேரி ரோட்டுல போறாப்பலதான்" என்று தலையாட்டினார். பிறந்ததிலிருந்து அவர் தொட்ட ஒரே பனி ஃப்ரீசரில் இருந்தது. அதைக் கரண்டியால் சுரண்டி, விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவரை ஜெயலக்ஷ்மி கையும் களவுமாகப் பிடித்தாள். குளத்தைச் சுற்றி நடக்கிற காலை நண்பர்களிடம் பெல்ட் தளர்ந்தால் அரை கிலோமீட்டர் போச்சு என்று அடித்துச் சொன்னார். அவர்களும், எந்த பெல்ட் என்று தெரியாமலேயே, அட ஆமாம் என்றார்கள். அவர்களுக்கு வேறு வழியில்லை.

முழுசாக இரண்டு வாரம் மாமனாரும் மாப்பிள்ளையும் தினமும் பேசினார்கள். கம்பெனி சொல்கிற கணக்கில் கால்வாசியைக் கழிக்க வேண்டும் என்று இவர் சொல்வார். குளிரில் இன்ஜின் சூடாகவே கொஞ்சம் குடிக்கும் என்று அவன் சொல்வான். இவர் அதையும் கழிப்பார். "அங்கே" என்பது மாறி, "இதைக் கேளுங்கோ" என்றாயிற்று. பெயர் மட்டும் இன்னும் வரவில்லை. கடைசியில் ஃபோர் ஸ்ட்ரோக்தான் என்று தீர்ப்பாகி, வண்டியும் வந்துவிட்டது. அந்தத் தீர்ப்பு சரியானதுதான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

பயணத்துக்கு முந்தைய நாள் சந்திரமௌலி தன் தலையாய சட்டத்தை எடுத்தார்.

"ஒண்ணு சொல்றேன். டேங்கை ரொப்பாதீங்கோ. பாதி போதும்."

ஜெஃப்ரி சந்தேகமாகக் கேட்டான். "பாதி போதுமா மாமா?"

"இருபது லிட்டர் எடை குறையறதோல்லியோ? வண்டி பனியில புதையாது, லேசாப் போகும். நடுவுல பங்க்தான் இருக்கே. அங்க திரும்பப் பாதி. அவ்வளவுதான்."

"சேஃப்டிக்கு ஒரு கேன்ல எக்ஸ்ட்ரா எடுத்துக்கலாமான்னு..."

"கேனா? அந்த கேனை யார் சுமக்கறது? இத்தனை நாள் சொன்னதெல்லாம் வீண்."

"சரி மாமா" என்றான் ஜெஃப்ரி.

அந்த "சரி மாமா" சந்திரமௌலியின் காதில் அன்று முழுக்க இனித்தது. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை என்று ஜெயலக்ஷ்மியிடம் இரண்டு தடவை சொன்னார்.

ஒருநாள் கழித்து, காலை ஆறரை மணி. மார்கழிப் பஜனை தெருவைக் கடந்துபோய்விட்டது. முதல் டிகாக்‌ஷன் இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே முந்தின நாள் ராத்திரி ஏழு இருக்கும். போன் அடித்தது. ஷ்ரேயா.

"அப்பா, அவர் வண்டி நின்னுடுத்து. காட்டுக்குள்ள. திரும்பி வரச்சே புதுப் பனி கொட்டியிருக்கு, பெட்ரோல் தீர்ந்துடுத்து. மத்தவா முன்னாடி போயிட்டா, கடைசியா வந்த இவர் நின்னதை யாரும் பார்க்கலை. மைனஸ் இருபது அப்பா. இதே கால்ல அவரையும் சேர்த்திருக்கேன், நீயே பேசு."

சந்திரமௌலிக்கு ஒன்றும் ஓடவில்லை. ஐம்பது வருஷப் பழக்கம் மட்டும் ஓடியது.

"சாய்ங்கோ! வண்டியை இடது பக்கமா நன்னாச் சாய்ச்சுப் பிடிச்சுண்டு பத்து எண்ணுங்கோ!"

"மாமா, இது முன்னூறு கிலோ..." காற்று இரைந்தது. பிறகு முனகல், மூச்சு வாங்குகிற சத்தம், பொத்தென்று ஏதோ விழுந்த ஓசை. "சாய்ச்சுட்டேன் மாமா."

"பேஷ். இப்ப நிமிர்த்துங்கோ."

"நிமிர்த்த முடியல மாமா. பனிக்குள்ள போயிடுச்சு. என் கால் வேற அடியில..."

அவன் லைன் மட்டும் அறுந்தது.

"ஜெஃப்ரி!" என்று கத்தினார் சந்திரமௌலி. "ஜெஃப்ரி! ஜெஃப்ரி!" பால்கனிக்கு ஓடினார், அங்கே போனால் இன்னும் கொஞ்சம் கிட்டே போய்விடலாம் என்பதுபோல. கீழே கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மூன்று வருஷமாக அந்த வீட்டில் அவர் சொல்லாத பெயர் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. ஜெயலக்ஷ்மி அழவும் மறந்து அவரையே பார்த்தாள்.

போனில் ஷ்ரேயா இன்னும் இருந்தாள். "அப்பா, நான் போலீஸைக் கூப்பிடறேன், போனை வை. சாந்தோம்ல அவாளுக்கு இன்னும் தெரியாது. மாமனாருக்கு ஹார்ட்ல ஸ்டென்ட் வெச்சிருக்கு, போன்ல சொல்ல பயமா இருக்கு. யாராவது நேர்ல போய்ப் பக்குவமாச் சொன்னாத் தேவலை."

யாராவது என்றுதான் சொன்னாள். நீ போ என்று சொல்ல அவளுக்கு உரிமை இருந்தும் சொல்லவில்லை. சந்திரமௌலி சட்டையை மாட்டினார். பொத்தான் ஒன்று மாறி விழுந்தது. போனை மேஜை மேலேயே விட்டுவிட்டு சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

வாழ்நாளில் முதல் தடவையாக நாற்பதுக்கு மேல் முறுக்கினார். கச்சேரி ரோட்டில் பாதி தூரம் போனதும் ஸ்கூட்டர் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. முந்தாநாள் போட்ட ஒரு லிட்டர். இறங்கி இடது பக்கம் சாய்த்தார். பத்து எண்ண முடியவில்லை. நாலாவது எண்ணிலேயே, பனியில் ஒரு பையன் முன்னூறு கிலோவைத் தன்மேல் சாய்த்துக்கொண்டது கண்முன் வந்தது. நிமிர்த்தி உதைத்தார். ஒரு கடை தூரம் ஓடி மறுபடி நின்றது. ஏறிட்டுப் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம் வரை பங்க் இல்லை.

தள்ள ஆரம்பித்தார். பக்கத்தில் மெதுவாக வந்த ஆட்டோக்காரர் ஒருவர், "இன்னா நைனா, பெட்ரோல் போடாம வண்டிய வாக்கிங் இட்டுனு போறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சந்திரமௌலிக்குக் கோபம் வரவில்லை. பக்குவமாகச் சொல்ல வேண்டிய வாக்கியங்களை அடுக்கிப் பார்த்துக்கொண்டே தள்ளினார். "பதட்டப்படாதீங்கோ." "ஒண்ணும் ஆகாது." "நான்தான் சொன்னேன்." மூன்றாவது வாக்கியத்தை மட்டும் எந்த இடத்தில் வைப்பது என்று தெரியவில்லை. இந்த ரோடு இத்தனை சின்னதா என்றும் தோன்றியது. இவ்வளவு தூரத்துக்கா மூன்று வருஷம்?

காஸ்பர் வாசல் கேட் அருகில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு முன் ஒரே ஒரு முறை சித்திரக்குளம் வீட்டுக்கு வந்து, காபியைக் குடித்துவிட்டு, பதில் கிடைக்காமல் திரும்பிப் போனவர். வேர்த்து விறுவிறுத்து ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்த சம்பந்தியைப் பார்த்ததும் குழாயைக் கீழே போட்டார்.

"பதட்டப்படாதீங்கோ..." என்று ஆரம்பித்தார் சந்திரமௌலி.

"நீங்க பதறாதீங்க சார்! மொதல்ல உக்காருங்க. பையன் நல்லா இருக்கான். இப்பதான் போன் பண்ணான். சிநேகிதங்க திரும்பி வந்து தூக்கிட்டாங்க. கால்ல அடி ஒண்ணும் இல்ல, பனி மெத்து மெத்துன்னு இருந்திருக்கு. விரல்தான் மரத்துப் போச்சாம். உங்க பொண்ணு உங்களுக்குப் போன் பண்ணிச்சாம், போனை நீங்க வீட்லயே விட்டுட்டீங்களாமே, உங்க வீட்டம்மாதான் எடுத்தாங்களாம்."

சந்திரமௌலி வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். லூயிசா காபி கொண்டுவந்து கொடுத்தார். பாதி காபி வேட்டியில் சிந்தியது.

"பாதி டேங்க் போதும்னு நான்தான் சொன்னேன்" என்றார். அந்த வாக்கியம் கடைசியில் வந்தேவிட்டது.

"தெரியும் சார்." காஸ்பர் அவர் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்தார். "அன்னிக்கே என்கிட்ட சொன்னான். நான் கணக்கு வாத்தியார் இல்லையா, போட்டுப் பாத்தேன், இடிச்சுது. 'டேய், நீ மெக்கானிக்கல் படிச்சவன், மூணு வருஷமா அந்தப் பனியில கெடக்கறவன், பத்தாதுன்னு உனக்குத் தெரியாதா'ன்னு கேட்டேன். 'தெரியும் டாடி, ஆனா மாமா மொத மொதல்ல என்கிட்ட ஒண்ணு சொல்லியிருக்காரு. அதப்போய் எப்படி வேணாங்கறது'ன்னான். அதுக்கு மேல நான் என்ன சொல்றது?"

சந்திரமௌலி டம்ளரைக் கீழே வைத்தார். வெட்கமாக இருந்தது. கூடவே, இத்தனை பிரியத்தை யாரோ வாசலில் வைத்துவிட்டுப் போக, மூன்று வருஷமாக அதைத் தாண்டித் தாண்டி நடந்திருக்கிறோமே என்று உறைத்தது. மேல்துண்டு இல்லாததால் சட்டைக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். காஸ்பர் அந்தப் பக்கம் பார்க்காமல் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு காஸ்பர் போன் போட்டுக் கொடுத்தார். திரையில் கம்பளிக்குள் ஜெஃப்ரியின் மூக்கு மட்டும் சிவப்பாகத் தெரிந்தது.

"மாப்பிள்ளை" என்றார் சந்திரமௌலி.

"மாமா, நல்லா இருக்கேன் மாமா. நீங்க சொன்ன ஃபோர் ஸ்ட்ரோக் சூப்பர். அந்தச் சாய்க்கறது மட்டும் இந்த வண்டிக்கு ஒத்து வரல."

"பேரைச் சொல்லி நான் கத்தினது அங்க கேட்டுதா?"

"இல்லையே மாமா. லைன் கட்டாயிடுச்சே."

"ஜெஃப்ரி" என்றார் சந்திரமௌலி, இந்த முறை மெதுவாக. "சித்திரைக்கு ரெண்டு பேரும் ஆத்துக்கு வாங்கோ."

திரும்பிப் போகப் பெட்ரோல் வேண்டுமே. காஸ்பர் தன் பைக்கிலிருந்து ஒரு குழாயைப் போட்டு, வாயால் உறிஞ்சி, தண்ணீர் பாட்டிலில் பிடித்துக் கொடுத்தார். குழாய் போட்டு உறிஞ்சுகிறவர்களைப் பற்றிச் சந்திரமௌலி தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தது கொஞ்சமில்லை. அதையெல்லாம் நினைத்துக்கொண்டே பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

நேரே லஸ் பங்குக்குப் போனார். செண்பகம் பெட்ரோல் போடும் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு, வழக்கப்படி, "ஒண்ணா, ஒண்ணரையா சார்?" என்றாள்.

"ரொப்பிடும்மா."

செண்பகம் அவர் முகத்தைப் பார்த்தாள். மாறிப் போட்ட பொத்தானைப் பார்த்தாள். "இன்னா சார், வெளியூருக்கா?"

"சாந்தோம்."

"சாந்தோம் இந்தாண்ட கீது. அதுக்கா சார் ஃபுல் டேங்கு?"

"ஆமாம்மா" என்றார் சந்திரமௌலி. "இனிமே அடிக்கடி போகணும்."